லூசில் போல்: நடிப்பும் பிலிம் சுருளின் உரிமையும்

முள்ளியவளையில் உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவி ஒருவர், அமெரிக்க நடிகை லூசில் போல் பற்றி ஒப்படை எழுதுவதாகச் சொல்லி இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். உலகின் முதல் தொலைக்காட்சி நடிகை அவர்தானா என்பது ஒன்று. முகத்தைக் கோணலாக்கி, விழுந்து எழும்பிச் சிரிப்பூட்டிய ஒருவரை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏன் படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியில் சிறிது எரிச்சல் தெரிகிறது. அந்த எரிச்சல் நியாயமானது என்பதால் இப்பதில் சற்று நீள்கிறது.

முதற் கேள்விக்கு, அவர் முதல்வர் அல்லர் என்பதே விடை. பிரித்தானியாவின் பிபிசி 1936 நவம்பர் 2ஆம் திகதி தன் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோதே நடிகைகள் கமராவின் முன் நின்று நாடகங்களில் நடித்தார்கள். ஆனால் அவை நேரடியாக ஒளிபரப்பாகி, அந்த மாலையுடன் முடிந்துபோயின. ஒளிபரப்பைப் பதிந்து வைக்கும் நடைமுறையே அப்போது இருக்கவில்லை. அமெரிக்காவிலும் லூசில் போலுக்கு முன்பே தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பெண்கள் இருந்தனர். அவர்களுள் கெர்ட்ரூட் பேர்க் முக்கியமானவர். நியூயோர்க்கின் யூதக் குடும்பமொன்றைப் பற்றிய தொடரை 1929இல் வானொலியில் தொடங்கி, அதன் எழுத்தாளராகவும் தாய்ப் பாத்திரத்தில் நடிப்பவராகவும் இருந்து, 1949 ஜனவரியில் அதையே சிபிஎஸ் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் அவர். சிறந்த நடிகைக்கான எம்மி விருது 1951இல் அவருக்குத்தான் கிடைத்தது. இன்று அமெரிக்கர்களிலேயே பெரும்பாலானோருக்கு அந்தப் பெயர் தெரியாது. லூசில் போலின் பெயரோ முள்ளியவளை வரை வந்து உங்கள் ஒப்படையில் ஏறியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குத் திறமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து. அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைக்கும்.

லூசில் போல் 1911 ஓகஸ்ற் 6ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்ரவுன் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் தொழிலாளியான தந்தை நெருப்புக்காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு மூன்று வயது, தாய் அடுத்த குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். பின்னர் பாட்டன் பாட்டியின் வீட்டில் வளர்ந்த அவர், பதின்ம வயதில் நியூயோர்க் நகரின் நாடகப் பள்ளியொன்றில் சேர்ந்தார். கூச்ச சுபாவமுள்ள இந்தப் பெண்ணால் மேடையில் எதுவும் ஆகாது என்று ஆசிரியர்கள் தாயாருக்கு அறிவித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே பள்ளியில் அப்போது பாராட்டுப் பெற்றுக்கொண்டிருந்த மாணவி, பின்னாளில் ஹொலிவூட்டின் பெரும் நடிகையான பெற்றி டேவிஸ். அதன் பின் உடைகளுக்கு விளம்பர அழகியாக நின்று பிழைத்த லூசில், 1933இல் ஒரு பாட்டுப் படத்தின் துணை நடனப் பெண்களில் ஒருவராக ஹொலிவூட்டுக்குப் போனார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஆர்கேஓ நிறுவனத்தில் ஒப்பந்த நடிகையாகவும், 1940களில் எம்ஜிஎம் நிறுவனத்திலும் பல படங்களில் நடித்தார். மண்ணிறத் தலைமுடியைச் செம்மஞ்சளாக மாற்றிக்கொண்டதும் எம்ஜிஎம் காலத்தில்தான். செலவு குறைந்த இரண்டாந்தரப் படங்களின் அரசி என்று அவரைச் சொன்னார்கள். அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவற்றில் இரண்டைக் குறிக்க வேண்டும். ஊமைப்பட நகைச்சுவையின் மேதையான பஸ்டர் கீற்றன் அப்போது எம்ஜிஎம்மில் ஒதுக்கப்பட்ட நிலையில் இருந்தார். பொருள்களைக் கையாண்டு சிரிப்பை உண்டாக்கும் நுட்பத்தை லூசில் அவரிடம் கற்றார். மற்றது, 1940இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்து அதே ஆண்டு நவம்பரில் மணந்துகொண்ட டெசி ஆர்னாஸ். கியூபாவிலிருந்து அகதியாக வந்து, இசைக்குழு நடத்திக்கொண்டிருந்த இளைஞர் அவர். லூசிலை விட ஆறு வயது இளையவர்.

1948 முதல் சிபிஎஸ் வானொலியில் லூசில் நடித்த குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக நிறுவனம் விரும்பியபோது, கணவன் பாத்திரத்தில் தன் சொந்தக் கணவரே நடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஸ்பானிய உச்சரிப்புடன் ஆங்கிலம் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவனாக மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. எனவே இருவரும் 1950இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் சேர்ந்து நடித்து, மக்கள் ஏற்பார்கள் என்பதைக் கைதட்டலால் நிரூபித்தார்கள். ஊர்சுற்றி இசைக்குழுக்காரனான கணவனை வீட்டில் இருத்தும் நோக்கமும் அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்தது.

இனி வருவதை ஊடகக் கற்கை மாணவி கவனமாகப் படிக்க வேண்டும். அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் தலைமையிடம் நியூயோர்க். நிகழ்ச்சிகள் அங்கிருந்து நேரடியாகப் போகும். தொலைதூர நிலையங்களுக்கு அனுப்ப வேண்டுமானால், கலையகத்தில் ஓடும் தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு பிலிம் கமராவை வைத்துப் படம்பிடித்து, அந்தச் சுருளை அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று பெயர் பெற்ற அந்தப் பிரதி மங்கலாகவும் நடுக்கத்துடனும் இருக்கும். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் மின்பிறப்பாக்கியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் பார்த்த வன்னித் தலைமுறைக்கு, பல கை மாறிப் பிரதிக்குப் பிரதி எடுத்த வீடியோ நாடா எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதைப் போன்றதொரு படத்தைத்தான் மேற்குக் கரை மக்கள் பார்த்தார்கள். அனுசரணையாளரான பிலிப் மொரிஸ் சிகரெட் நிறுவனம், சந்தை பெரிதாக உள்ள கிழக்குக் கரைக்கு அந்த மங்கல் பிரதி போவதை விரும்பவில்லை. லூசிலும் டெசியும் மேற்குக் கரையிலுள்ள ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க்குக்குக் குடிபெயர விரும்பவில்லை. இந்த இழுபறிக்குக் கிடைத்த தீர்வு, தொடர் முழுவதையும் சினிமாப் படத்துக்குரிய 35 மில்லிமீற்றர் பிலிமில், மூன்று கமராக்களால் ஒரே நேரத்தில், பார்வையாளர் முன்னிலையில் பிடிப்பது என்பதாகும்.

இதற்குப் பணம் கூடுதலாகத் தேவைப்பட்டது. தங்கள் வாரச் சம்பளத்தில் 1,000 டொலரைக் குறைத்துக்கொள்ளத் தம்பதி சம்மதித்தார்கள். அதற்கு ஈடாக, ஒளிபரப்பு முடிந்த பின் பிலிம் சுருள்களின் உரிமை தங்கள் டெசிலு நிறுவனத்துக்கே சேர வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். ஒரு தடவை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு அதன் பிறகும் பெறுமதி உண்டு என்று அக்காலத்தில் அதிகம் பேர் நினைக்கவில்லை. அதனால் உரிமை சுலபமாகவே கைமாறியது. என் கணிப்பில், அவருடைய ஐம்பது ஆண்டுக் கலைவாழ்வில் எந்தக் காட்சியையும் விடப் பெரிய நிகழ்வு அந்த ஒப்பந்தம்தான்.

ஒளிப்பதிவுக்கு அவர்கள் அழைத்தது கார்ல் ஃபிராய்ண்ட் என்ற முதியவரை. ஜேர்மனியின் ஊமைப்படக் காலத்தில் பெயர் பெற்று, ஹொலிவூட்டில் ஒஸ்கார் விருதும் பெற்றவர் அவர். சினிமாவில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். மூன்று கமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, பார்வையாளர்களை உட்கார வைத்துவிட்டு அப்படிச் செய்ய முடியாது. ஆகவே விளக்குகளை மேலே தொங்கவிட்டு, தளம் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் விழும்படி அவர் அமைத்தார். இதனால் நடிகர்கள் மேடை நாடகத்தைப் போல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடைநிறுத்தம் குறைவாக நடிக்கவும், முன்னால் இருந்த ஏறத்தாழ 300 பேரின் சிரிப்புக்கு ஏற்ப நேரத்தைக் கணிக்கவும் முடிந்தது. நகைச்சுவைத் தொடர்களைப் படம்பிடிக்க உலகம் பல பத்தாண்டுகள் பின்பற்றிய முறை இதுவே.

‘ஐ லவ் லூசி’ 1951 ஒக்ரோபர் 15ஆம் திகதி தொடங்கி 1957 மே மாதம் வரை ஓடியது. அதன் ஆறு பருவங்களில் நான்கில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுவே. கதை எளிமையானது. இசைக்குழு நடத்தும் கணவன், தானும் மேடையேற வேண்டும் என்று துடிக்கும் மனைவி, அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட தம்பதி. மனைவி திட்டம் போடுவாள், திட்டம் குழம்பும், கணவன் கத்துவான், சமாதானம் ஆகும். இந்தச் சட்டகத்தில் பெண்ணை ஒவ்வொரு வாரமும் சமையலறைக்கே திருப்பி அனுப்பும் பழமைவாதம் இருக்கிறது என்று பின்னர் எழுந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. அதே நடிகை திரைக்கு வெளியே அந்த நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தார் என்பதும் உண்மை. உங்கள் ஒப்படையில் இரண்டையும் எழுதுங்கள்.

அவர் முகத்தைக் கோணலாக்கினார் என்று எழுதியிருந்தீர்கள். 1952இல் ஒளிபரப்பான ஒரு காட்சியைப் பாருங்கள். மிட்டாய்த் தொழிற்சாலையில் லூசியும் தோழியும் வேலைக்குச் சேர்கிறார்கள். ஓடும் பட்டியில் வரும் சொக்லேற்றுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற வேண்டும், ஒன்றேனும் தப்பினால் வேலை போய்விடும். பட்டியின் வேகம் கூடுகிறது. சுற்ற முடியாதவற்றை வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்த்து, ஒன்றும் தப்பவில்லையே என்று மகிழ்ந்து, இன்னும் வேகமாக்கச் சொல்கிறார். இந்தக் காட்சியைப் பார்த்துக் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் என் உறவுப் பெண் சிரித்த சிரிப்பு வேறு விதமானது. மணித்தியாலத்துக்கு இத்தனை என்று இலக்கு வைத்து வேலை வாங்கும் இடத்தை அறிந்தவருக்கு இதில் கோமாளித்தனத்துக்கு மேல் ஏதோ இருக்கிறது.

அந்த நடிப்பில் தற்செயல் என்று எதுவும் இல்லை. கதையை எழுதிய மூவரில் ஒருவரான மட்லின் பியூ, உடலால் செய்ய வேண்டிய வித்தைகளை, ஒரு பெண்ணால் செய்ய இயலுமா என்று தானே முதலில் செய்து பார்ப்பவர். லூசில் அந்த வாரப் பொருளை, அது சட்டியானாலும் ஏணியானாலும், ஒத்திகையில் கை பழகும் வரை திரும்பத் திரும்பக் கையாள்வார். தான் வேடிக்கையானவர் அல்லர், தைரியமானவர் மட்டுமே என்ற கருத்தை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். தோழியாக நடித்த விவியன் வான்ஸின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. லூசியின் திட்டத்தைக் கேட்டு அவர் முகத்தில் முதலில் தோன்றும் பயமும் பிறகு தோன்றும் ஆசையும் இல்லாவிட்டால் பாதிச் சிரிப்பு வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நமது பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அழும் தாய், காத்திருக்கும் மனைவி, அறிவுரை சொல்லும் ஆசிரியை ஆகிய பாத்திரங்களே. சிரிப்பூட்டும் பாத்திரம் ஆண் பிள்ளைக்குப் போய்விடுகிறது. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த மரபின் மிச்சமாகவும் இது இருக்கலாம். நகைச்சுவைக்கு உடற்பயிற்சியும் நேரக்கணிப்பும் வேண்டும், அது பெண்ணுக்கு இழுக்கான வேலை அல்ல என்பதற்கு லூசில் போலை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1952இல் அவர் இரண்டாவது பிள்ளைக்குக் கர்ப்பமானார். கர்ப்பிணிப் பெண்ணைத் திரையில் காட்டுவதே கூச்சத்துக்குரியதாக இருந்த காலம் அது. கர்ப்பம் என்ற சொல்லை வசனத்தில் பயன்படுத்த சிபிஎஸ் அனுமதிக்கவில்லை. கத்தோலிக்கக் குருவானவர், புரட்டஸ்தாந்துப் போதகர், யூத மதகுரு ஆகிய மூவர் கதைவசனங்களைப் பார்வையிட்டனர். கதையில் லூசி மருத்துவமனைக்குப் போகும் நிகழ்ச்சி 1953 ஜனவரி 19ஆம் திகதி இரவு ஒளிபரப்பானது. உண்மையான மகனும் அதே நாளில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்தான். அந்த நிகழ்ச்சியை ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பேர். அந்தக் காலப்பகுதியில் லூசிலுக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பழைய நிகழ்ச்சிகளை மீண்டும் போட்டார்கள். பிலிமில் இருந்ததால்தான் அது சாத்தியமானது, மக்களும் பார்த்தார்கள். மறுஒளிபரப்பு என்ற பெரும் வருமானத்தின் கதவு அப்படித் திறந்தது.

அதே ஆண்டு செப்ரெம்பரில் பெரும் ஆபத்து வந்தது. தொழிலாளர் இயக்கத்தில் பற்றுக் கொண்டிருந்த பாட்டனாரின் மனம் குளிர, லூசில் 1936இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரில் வாக்காளராகப் பதிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. கலைஞர்களைக் கம்யூனிஸ்ட் என்று குற்றஞ்சாட்டித் தொழிலிலிருந்து துரத்திய காலம் அது. விசாரணைக் குழு முன் அவர் விளக்கமளித்தார். படப்பிடிப்பு இரவில் டெசி பார்வையாளர் முன் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் சாயம் என்ற பொருள்படச் சொல்ல, அரங்கம் கைதட்டியது. சிக்கல் தீர்ந்தது.

ஆனால் நகைச்சுவையால் மட்டும் அது தீரவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் தொடருக்கு 80 இலட்சம் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அவரை விலக்குவது எல்லோருக்கும் நட்டம். கெர்ட்ரூட் பேர்க்கின் தொடருக்கு அந்தப் பலம் இருக்கவில்லை. அதில் கணவனாக நடித்த பிலிப் லோப் 1950இல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். பேர்க் அவரைக் கைவிட மறுத்துப் போராடினார். அனுசரணையாளர் விலகினார், சிபிஎஸ் 1951இல் தொடரை நிறுத்தியது. பின்னர் வேறு அலைவரிசையில், லோப் இல்லாமலே அது திரும்ப வந்தது. லோப் 1955இல் தூக்க மாத்திரைகளை உட்கொண்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பேர்க்கின் தொடர் பல ஆண்டுகள் நேரடியாகவே ஒளிபரப்பானதால் அதன் ஒரு பகுதி மட்டுமே மங்கல் பிரதிகளாக எஞ்சியுள்ளது. 1950இல் டுமோன்ட் அலைவரிசையில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்திய கறுப்பினப் பியானோக் கலைஞர் ஹேசல் ஸ்கொட்டின் நிலை இன்னும் மோசம். அவரும் அதே கறுப்புப் பட்டியலால் நிகழ்ச்சியை இழந்தார். அந்நிகழ்ச்சியின் ஒரு சுருள்கூட இன்று இருப்பதாக அறியப்படவில்லை. டுமோன்டின் பழைய பிரதிகள் 1970களில் பாரவூர்திகளில் ஏற்றப்பட்டு நியூயோர்க் குடாவில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி அடம்ஸ் 1996இல் சாட்சியமளித்தார்.

லூசிலின் தொடருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1951 மார்ச்சில் கினெஸ்கோப்பாகப் பிடித்த மாதிரி நிகழ்ச்சி நாற்பது ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்தது. அதில் நடித்த ஒரு கோமாளிக் கலைஞரின் மனைவி வீட்டில் பத்திரமாக வைத்திருந்த பிரதி கிடைத்து, 1990இல்தான் ஒளிபரப்பானது. போரில் ஒளிநாடாக்களையும் புகைப்படங்களையும் தொலைத்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. கொக்காவிலில் இருந்த ஒளிபரப்புக் கோபுரமே 1990இல் அழிந்து, 2011இல்தான் 174 மீற்றர் உயரத்தில் மீண்டும் எழுந்தது. கோபுரத்தைத் திரும்பக் கட்டலாம், நாடாவில் இருந்த நடிப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

பிலிம் உரிமை தந்த பலன் 1957இல் தெரிந்தது. தொடரின் உரிமையை சிபிஎஸ்ஸுக்கே விற்ற பணம் கையில் இருக்க, ஒரு காலத்தில் லூசிலைச் சாதாரண ஒப்பந்த நடிகையாக வைத்திருந்த ஆர்கேஓ நிறுவனத்தின் கலையகங்களை 60 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான விலைக்கு டெசிலு வாங்கியது. திருமணம் அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. டெசியின் குடியும் பிற பெண்களுடனான தொடர்புகளும் காரணமாக 1960இல் மணமுறிவு நடந்தது. 1962இல் டெசியின் பங்குகளை வாங்கி நிறுவனத்தின் தலைவரானார் லூசில். அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனமொன்றின் தலைமையை ஏற்ற முதற் பெண் அவரே. விண்வெளித் தொடரான ‘ஸ்ரார் ட்ரெக்’ அவருடைய தலைமையின் கீழ்தான் உருவானது. அதன் முதல் மாதிரி நிகழ்ச்சி நிராகரிக்கப்பட்ட பின்னும் இரண்டாவதை டெசிலு தயாரித்தது. 1967இல் நிறுவனத்தை 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு விற்றார்.

நடிப்பையும் விடவில்லை. 1962 முதல் 1974 வரை அடுத்தடுத்து இரண்டு தொடர்கள் நல்ல வெற்றி பெற்றன. 1986இல், எழுபத்தைந்து வயதில், மீண்டும் ஏணியில் ஏறி விழும் நகைச்சுவைக்குத் திரும்பிய தொடர் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. முதுமையில் விழுபவரைப் பார்த்து மக்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பதற்றம்தான் வந்தது. 1989 ஏப்ரல் 26ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் அவர் காலமானார்.

ஆகவே ஒப்படையின் தலைப்பிலிருந்து ‘முதல் நடிகை’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘தன் நிகழ்ச்சியின் பிலிம் உரிமையைத் தன் கையில் வைத்திருந்த ஆரம்பகால நடிகை’ என்பது நீளமான தலைப்புத்தான், ஆனாலும் பிழையில்லாதது. சொக்லேற்றுக் காட்சியை ஒரு தடவை ஒலியுடனும் ஒரு தடவை ஒலியை நிறுத்தியும் பாருங்கள். இரண்டாவது தடவை அவருடைய கைகளை மட்டும் கவனித்து, கண்டதை ஒரு பக்கம் எழுதுங்கள். கெர்ட்ரூட் பேர்க்குக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.